கக்கல், பச்சை மலம், சாயங்கால அழுகை: பால்குடிக் குழந்தையின் வயிற்றில் என்ன நடக்கிறது?

பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தையோடு குழந்தைகள் நல மருத்துவரின் வாசலில் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நான்கு குறைகள்தான் மாறி மாறி வரும். குடித்த பாலை அப்படியே கக்கிவிடுகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வெளிக்குப் போகிறது. ஐந்து நாளாகப் போகவே இல்லை. சாயங்காலம் ஆனால் போதும், முகம் சிவக்க வீறிட்டு அழுகிறது. தாய்ப்பால் குடித்து நன்றாக எடை கூடிவரும் குழந்தைக்கு இந்த நான்கில் எதுவும் பெரும்பாலும் நோய் கிடையாது. கவலை தருவது, இதைப் பார்த்துவிட்டு வீட்டில் அடுத்து நடப்பதுதான். "பால் ஒத்துக்கலை போல" என்பார் ஒருவர். "பால் பத்தலை" என்பார் இன்னொருவர். ஒரு வாரத்துக்குள் புட்டியும் பால்பவுடர் டப்பாவும் வீட்டுக்குள் வந்துவிடும். அதுவரை நன்றாக இருந்த வயிறு அப்புறம்தான் கெடத் தொடங்குகிறது.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் குடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். பயப்படவே வேண்டிய சில விஷயங்களும் உண்டு. அவற்றின் அடையாளங்கள் வேறு. அவை எவை என்று தெரியாததால்தான் தேவையில்லாத இடத்தில் பதறுகிறோம், ஓட வேண்டிய நேரத்தில் "பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

முதல் ஐந்து நாள்

பிறந்த குழந்தை முதலில் கழிப்பது காட்டுப்பீ. கறுத்த பச்சை நிறம், பிசுபிசுப்பு, துணியில் பட்டால் லேசில் போகாது. கருவில் இருந்தபோது விழுங்கிய பனிக்குட நீர், குடலில் உதிர்ந்த செல்கள், பித்தம் எல்லாம் சேர்ந்து உருவானது அது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் இதைக் கழித்துவிடும். 48 மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் பல குழந்தைகளுக்கு இப்படித்தான் முதலில் தெரியவரும்.

காட்டுப்பீயை வெளியே தள்ளுவதில் சீம்பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு லேசான பேதி மருந்தின் குணம் இருக்கிறது. காட்டுப்பீயில் தேங்கியிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மறுபடி ரத்தத்தில் சேராமல் சீக்கிரம் வெளியேறுவதால் மஞ்சள் காமாலை ஏறுவதும் குறைகிறது. அளவு குறைவாக இருக்கிறதே என்று பலரும் சீம்பாலை மதிப்பதில்லை. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் கிடைத்தாலே அந்தக் குழந்தையின் இரைப்பைக்குப் போதும். அந்த ஒரு டீஸ்பூனில் இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிர்ப்புப் புரதம் அடர்த்தியாக இருக்கிறது. அது ரத்தத்துக்குள் போவதைவிடக் குடலின் உட்சுவரில் படிந்து, கிருமி ஒட்டாமல் காப்பதுதான் அதிகம்.

இந்த இடத்தில்தான் நம் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. தென்மாவட்டங்களில் பல குடும்பங்களில் இன்றும் சேனை வைக்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப்பால். யார் கையால் சேனை வைக்கிறோமோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையில், குடும்பத்தில் மரியாதைக்குரிய ஒருவரைத் தேடிப்பிடித்து வைக்கச் சொல்வார்கள். அதில் இருக்கும் அன்பு புரிகிறது. ஆனால் தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு. பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சும் பலம் குறைவது, கடைசியில் மூச்சுத் தசைகள்வரை தளர்ந்துபோவது என்று அது போகும். 1976இல் அமெரிக்காவில்தான் இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். ஆகவே ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுத் தேனும் வேண்டாம். பெரியவரின் ஆசீர்வாதம் வேண்டுமென்றால் குழந்தையை அவர் மடியில் வைத்தாலே போதும்.

இன்னொரு தடை ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தாய் மயக்கத்தில் இருக்கிறாள், பால் ஊறவில்லை என்று சொல்லி முதல் வேளையே பவுடர் பால் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு. முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பக்கத்தில் ஒரு நர்ஸ் பிடித்துக்கொண்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குழந்தையை மார்பில் சேர்க்க முடியும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஊறட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று காத்திருப்பது காரியத்தைத் தலைகீழாகச் செய்வது.

நான்காம் ஐந்தாம் நாளுக்குள் கறுப்பு போய், பச்சையாகி, கடைசியில் கடுகு அரைத்த நிறத்துக்கு மலம் வந்துவிடும். தண்ணியாக, விதை விதையாக, லேசான புளிப்பு வாடையோடு இருக்கும். இது வயிற்றுப்போக்கு இல்லை. பால் நன்றாக உள்ளே போகிறது என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் நல்ல அத்தாட்சி.

குழந்தைக்குச் செரிக்காத ஒரு சர்க்கரை

அந்தப் புளிப்பு வாடைக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான ஒரு கதை இருக்கிறது. பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் ஆன்றி டிஸ்ஸியே என்ற மருத்துவர் 1899 வாக்கில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டை வடிவில் ஒரு பாக்டீரியா மிகுதியாக இருப்பதைக் கண்டார். இன்று அதை பிஃபிடோபாக்டீரியம் என்கிறோம். புட்டிப்பால் குழந்தைகளிடம் அது அவ்வளவு இல்லை. அதை வளர்ப்பது எது என்று தெரிய அரை நூற்றாண்டு ஆனது. 1950களில் பால் ஜார்ஜி, ரிச்சர்ட் கூன் என்ற அறிவியலாளர்களின் குழுக்கள் தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகளே காரணம் என்று காட்டின. ஒலிகோசாக்கரைடு என்பது அவற்றின் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம்வரை இருக்கும். லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடி பாலில் உள்ள திடப்பொருள் இதுதான்.

இந்தச் சர்க்கரையைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. தாயின் உடல் பாடுபட்டு உருவாக்கும் ஒரு பொருள் குழந்தைக்கு உணவாகாமல் பெருங்குடல்வரை போய், அங்கே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகிறது. அவை அதைத் தின்று அமிலத்தைச் சுரக்கின்றன. குடலின் அமிலத்தன்மை கூடுகிறது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் தழைக்க முடியாமல் போகிறது. புளிப்பு வாடையும் காற்றுப் பிரிவதும் அந்த வேலையின் அடையாளங்கள். சில நோய்க்கிருமிகள் குடல்சுவர் என்று நினைத்து இந்தச் சர்க்கரையிலேயே ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுவதும் உண்டு.

பிறந்த குழந்தையின் கணையம் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் குறைவு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் ஆறு மாதம்வரை மிகக் குறைவு. கொழுப்புக்குத் தாய்ப்பாலே வழி வைத்திருக்கிறது: பாலோடு சேர்ந்தே ஒரு லைபேஸ் வருகிறது, குழந்தையின் பித்தம் பட்டதும் வேலை செய்யத் தொடங்குகிறது. மூன்று மாதத்திலேயே கேழ்வரகுக் கஞ்சியோ பிஸ்கட் கரைசலோ கொடுத்தால் வயிறு உப்புவதற்குக் காரணம் தேட வேறு எங்கும் போக வேண்டாம்.

பசும்பாலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் புரதம். பசும்பாலில் மூன்று மடங்குக்கும் மேல், அதிலும் 80 சதவீதம் கேசின் என்ற வகைப் புரதம். இரைப்பையில் அது கெட்டித் தயிராகத் திரளும். தாய்ப்பாலின் புரதம் மென்மையாகத் திரிந்து சீக்கிரம் இறங்கிவிடும். அதனால்தான் தாய்ப்பால் குழந்தைக்கு இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. "இப்பத்தானே குடிச்சுது, அதுக்குள்ள அழுதா பால் பத்தலைன்னுதானே அர்த்தம்" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பால் போதுமா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. முதல் வாரம் முடிந்த குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறதா? பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிப்பிடித்துவிட்டதா? அதன்பிறகு நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறுகிறதா? இவை சரியாக இருந்தால் பால் போதுகிறது.

அந்த நான்கு குறைகள்

கக்குவதை முதலில் எடுத்துக்கொள்வோம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் குழந்தைகளுக்கு இன்னும் இறுகவில்லை. உணவு முழுக்கத் திரவம், குழந்தையும் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறது. பால் எதுக்களித்து வருவதில் ஆச்சரியம் இல்லை. நான்கு மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போகும், உட்கார்ந்து நிற்கத் தொடங்கியதும் குறைந்து, பெரும்பாலும் ஒரு வயதைச் சுற்றி நின்றுவிடும். வெளியே வந்த பால் திரிதிரியாக இருந்தால் இரைப்பை தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள், பால் கெட்டுவிட்டது என்றல்ல. கக்கிய பின் சிரிக்கிற, எடை ஏறுகிற குழந்தைக்கு மருந்து தேவையில்லை.

மலம் போகும் கணக்கு இன்னும் குழப்பும். முதல் ஒன்றரை மாதம், இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையும் அனிச்சைச் செயலால் ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் போகலாம். அதே குழந்தை இரண்டாவது மாதத்தில் நான்கு நாளைக்கு, சமயத்தில் ஒரு வாரத்துக்கு ஒருமுறைதான் போகும். தாய்ப்பாலில் கழிவு மிகக் குறைவு. போகும்போது இளகலாகப் போனால் அது மலச்சிக்கல் கணக்கில் வராது. வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டைச் சீவி வைப்பது எல்லாம் மெல்லிய தோலைப் புண்ணாக்குவதைத் தவிர வேறு பயன் தராது.

பச்சையாக, நுரைத்துக்கொண்டு போவதற்குப் பல வீடுகளில் ஒரு எளிய காரணம் இருக்கும். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என்று கடிகாரம் பார்த்துப் பால் கொடுப்பார்கள். பால் நிறையச் சுரக்கும் தாயிடம் முதலில் வருவது லாக்டோஸ் மிகுந்து, கொழுப்புக் குறைந்த தண்ணிப்பால். கொழுப்பு நிறைந்த பால் கடைசியில்தான் வரும். தண்ணிப்பாலிலேயே வயிறு நிறைந்தால் அது குடலில் வேகமாக இறங்கிப் புளித்து நுரைக்கும். ஒரு பக்கம் முழுதாகக் குடித்துக் குழந்தை தானாக விட்ட பிறகு மறுபக்கம் மாற்றினால் இரண்டு மூன்று நாளில் பலருக்கும் சரியாகிவிடுகிறது.

குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் மேல்பக்கம் கொஞ்சம் தெரியலாம், கீழ்ப்பக்கம் வாய்க்குள் போயிருக்க வேண்டும். கன்னம் குழிவிழுந்து "ச்ச் ச்ச்" என்று சத்தம் வந்தால் குழந்தை காம்பை மட்டும் பிடித்திருக்கிறது. அப்போது பாலோடு காற்றையும் விழுங்கும், தாய்க்குக் காம்பும் புண்ணாகும். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். "கேஸ்" என்று மருந்து வாங்கும் குழந்தைகளில் எத்தனையோ பேருக்கு இந்தத் திருத்தமே போதுமாக இருந்திருக்கும்.

சாயங்கால அழுகைதான் குடும்பத்தையே ஆட்டிவைக்கும். 1954இல் வெஸ்ஸல் என்ற மருத்துவரின் குழு இதற்கு ஒரு வரையறை சொன்னது: நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல். இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சிக்கு ஏறி, மூன்று நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும். காரணம் இன்னதுதான் என்று மருத்துவத்தில் முடிவாகவில்லை. தானாக நிற்கும் ஒன்றுக்கு எந்த மருந்து கொடுத்தாலும் அந்த மருந்துக்குப் பெயர் வந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கிரைப் வாட்டர் அப்படித்தான் தலைமுறைகளைக் கடந்து வந்தது. 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் வுட்வர்ட் அதை விற்கத் தொடங்கியபோது சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை ஆகியவற்றோடு ஆல்கஹாலும் அதில் இருந்தது. இப்போது ஆல்கஹால் இல்லை. அழுகையை அது நிறுத்தும் என்பதற்குச் சான்றும் இல்லை. டைசைக்ளோமின் கலந்த வயிற்றுவலிச் சொட்டு மருந்து இதைவிட ஆபத்தானது. சின்னக் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வந்ததால் ஆறு மாதத்துக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. மூத்த குழந்தைக்கு வாங்கிய பாட்டில் அலமாரியில் இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். தோளில் போட்டுத் தட்டுவது, நெஞ்சோடு அணைத்து நடப்பது, தூளியில் ஆட்டுவது, தாய் களைத்துப்போனால் இன்னொருவர் வாங்கிக்கொள்வது, இவ்வளவுதான் வைத்தியம். அழும் குழந்தையை வேகமாகக் குலுக்குவது மட்டும் எக்காரணத்துக்கும் கூடாது.

உரைமருந்தும் தொக்கமும்

உரைகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, சுட்ட வசம்பை ஒரு இழை, ஜாதிக்காய் ஒரு இழை, மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று பாட்டி வரிசையாக உரைத்து, விரலால் வழித்து நாக்கில் தடவுவார். பல வீடுகளில் வெள்ளி, செவ்வாய்க்கு இது தப்பாது. இதை வேண்டாம் என்று சொல்வது எளிதில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டியது நம்மை வளர்த்த கைகளிடம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வசம்பில் உள்ள அசரோன் என்ற வேதிப்பொருளின் நச்சுத்தன்மையால் 1968இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஜாதிக்காய் குழந்தையைத் தூங்கவைப்பது வயிறு சரியானதால் இல்லை, அதற்கே மயக்கும் குணம் உண்டு. கல்லில், விரலில், வருஷக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் காய்களில் உள்ள கிருமி வேறு.

தொக்கம் எடுப்பதை, அதாவது வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் வைத்தியத்தை, வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் சிக்கிக்கொள்ள எதுவும் கிடையாது. வயிற்றை அழுத்தித் தடவி, வாயில் ஊதி, கடைசியில் கையில் எதையோ காட்டுபவரிடம் குழந்தையைக் கொடுப்பது ஆபத்து. குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பதும் மூக்கில் ஊதுவதும் இதே வகை.

தாயின் பத்தியத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கொண்டைக்கடலை சாப்பிட்டால் குழந்தைக்கு வாயு வரும் என்பார்கள். கடலையின் நார்ச்சத்து நொதித்து வாயு உண்டாவது தாயின் பெருங்குடலில். அந்த வாயு பாலுக்குள் வர வழியே இல்லை. தண்ணீர்கூட அளந்து கொடுத்துத் தாயை வாட்டுவதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை. பூண்டுக்குழம்பும் சுறாப்புட்டும் அவளுக்குப் பிடித்தால் வயிறாரச் சாப்பிடட்டும்.

ஒன்றே ஒன்று உண்மையிலேயே பாலில் இறங்கும். தாய் குடிக்கும் பசும்பாலின் புரதத் துணுக்குகள் தாய்ப்பால் வழியாகப் போய்ச் சில குழந்தைகளின் குடலில் ஒவ்வாமையை உண்டாக்கும். மற்றபடி நன்றாக இருக்கும் குழந்தையின் மலத்தில் ரத்தக் கீற்றும் சளியும் தெரியும். மருத்துவர் பார்த்து உறுதிசெய்தால், பசும்பால், தயிர், மோர், பால் கலந்த பண்டங்கள் எல்லாவற்றையும் தாய் இரண்டிலிருந்து நான்கு வாரம் சாப்பிடாமல் நிறுத்திப் பார்ப்பார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இதையே "லாக்டோஸ் ஒத்துக்கலை" என்று சொல்லிச் சோயா பவுடருக்கு மாற்றிவிடுவது தவறு. பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத நிலை உலகிலேயே மிக அரிது. கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில நாள் வருவது தற்காலிகம், குடல் தேறியதும் போய்விடும்.

உடனே ஓட வேண்டியவை

பச்சை நிற வாந்தி முதலிடத்தில் இருக்கிறது. மலம் பச்சையாக இருப்பது வேறு, வாந்தி பித்தப் பச்சையாக வருவது வேறு. குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

மூன்றிலிருந்து ஆறு வார வயதில், பால் குடித்ததும் வாந்தி பீய்ச்சி அடித்து, உடனே மறுபடி பசித்து அழுது, எடையும் குறைந்தால் இரைப்பையின் வாய் தடித்து அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு இது அதிகம். சின்ன அறுவை சிகிச்சையில் முழுதாகச் சரியாகும். நான்கிலிருந்து பத்து மாதக் குழந்தை காலை மடக்கிக்கொண்டு கத்துவதும், சற்று ஓய்ந்து துவள்வதும், மறுபடி கத்துவதுமாக இருந்து, மலத்தில் சிவந்த ஜெல்லி போல ரத்தமும் சளியும் வந்தால் குடலுக்குள் குடல் செருகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தொக்கம் எடுக்கவும் குடல் தட்டவும் அலைந்து கைவிட்டுப்போகும் நேரம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று சத்தமே இல்லாமல் வரும். இரண்டு வாரம் கடந்தும் கண்ணில் மஞ்சள் போகவில்லை, மலம் மஞ்சளாக இல்லாமல் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போகிறது. பித்தநாளம் அடைபட்ட நோயின் அடையாளம் இது. ஜப்பானிய மருத்துவர் மொரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் கல்லீரலைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும், தாமதமாகத் தாமதமாகக் குறையும். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் கொடுக்கும் குழந்தைநலக் கையேட்டிலேயே மல நிறங்களின் படத்தை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். தாயே ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். நம் தாய் சேய் நல அட்டையிலும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் எத்தனையோ குழந்தைகள் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

புட்டி வந்தபின்

"ஒரு வேளைதானே, பவுடர் கொடுத்தால் என்ன?" என்ற கேள்விக்கு பிரேசிலிலிருந்து ஒரு பதில் உண்டு. போர்ட்டோ அலெக்ரி, பெலோட்டாஸ் நகரங்களில் நடந்து 1987இல் வெளியான ஆய்வு அது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், தாய்ப்பாலே குடிக்காதவர்கள் வயிற்றுப்போக்கால் இறக்கும் அபாயம் 14 மடங்கு. தாய்ப்பாலோடு பவுடர் பாலோ பசும்பாலோ சேர்த்துக் குடித்தவர்களுக்கே 4 மடங்கு. வறுமைதான் காரணம், பாலல்ல என்று வாதிடலாம். பெலாரஸில் நடந்த பெரிய பரிசோதனை அந்த வாதத்துக்கும் பதில் தந்தது. அங்கே 31 மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பாலூட்ட உதவும் பயிற்சி தந்தார்கள். மொத்தம் 17,046 தாய் சேய் இணைகள். பயிற்சி பெற்ற மருத்துவமனைகளில் மூன்றாம் மாதத்தில் 43.3 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தார்கள், மற்றவற்றில் 6.4 சதவீதம்தான். முதல் ஆண்டில் குடல் தொற்று வந்தவர்கள் 9.1 சதவீதம், மறுபக்கம் 13.2. நல்ல குடிநீரும் மருத்துவ வசதியும் இருந்த ஒரு நாட்டில் இந்த வித்தியாசம். அதிலும், அங்கே தாய்மார்களுக்குக் கொடுத்தது மருந்தல்ல, பக்கத்தில் நின்று கற்றுத்தந்த ஆட்கள்.

புட்டி தானாக நம் வீட்டுக்கு வரவில்லை. 1939இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலை ஏழைத் தாய்மார்களிடம் விற்பதைக் கண்டு கொதித்து, அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். 1981இல்தான் உலக சுகாதார அமைப்பு பால்பவுடர் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியா 1992இல் அதைச் சட்டமாக்கி, 2003இல் இறுக்கியது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பால்பவுடர், புட்டி, குழந்தை உணவு எதற்கும் இங்கே விளம்பரம் செய்யக் கூடாது. இவ்வளவு இருந்தும், அதே 2019-21 கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 63.7 சதவீதம் பேருக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கிடைத்தது. கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாடு அதில் தேசிய சராசரியையும் எட்டவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் இரண்டு தடவை வந்துபோனால் மறுபடி கடுமையாக வராது என்று மெக்ஸிகோ ஆய்வை வைத்து நம்பியிருந்த காலம். வேலூரில் மூன்று தடவை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் ஊர்க் குழந்தைகளைச் சுற்றிக் கிருமி அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது. பிறகு டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்த இந்தியத் தயாரிப்பான ரோட்டாவாக் 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. 6, 10, 14ஆம் வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் பால் கொடுக்காதே என்று சில இடங்களில் சொல்கிறார்கள். டெல்லியிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதித்துப் பார்த்ததில் அப்படி நிறுத்துவதால் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டது.

தண்ணியாக அடிக்கடி போய், நிறமும் வாடையும் வழக்கத்திலிருந்து மாறி, குழந்தை சுணங்கிப்போனால் அது வயிற்றுப்போக்கு. அப்போது தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, அதில் எழுதியுள்ளபடி முழு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம்வரை நாளைக்கு 10 மில்லிகிராம் துத்தநாகம் (ஜிங்க்), ஆறு மாதத்துக்கு மேல் 20, பதினான்கு நாள். போக்கு நின்றுவிட்டதென்று துத்தநாகத்தை நிறுத்திவிடுகிறோம், அது கூடாது. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது, சர்க்கரை மிகுந்தால் போக்கு கூடத்தான் செய்யும். கண் உள்வாங்கியிருந்தால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாவிட்டால், குழந்தை பால் குடிக்க மறுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலே வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வேலைக்குப் போகும் தாயும் பாலாடையும்

2017இல் சட்டத்தைத் திருத்தி மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்து வர அனுமதி உண்டு. ஆனால் வீட்டு வேலை, கட்டட வேலை, கூலிக்குத் தையல் என்று இருக்கும் பெண்களுக்கு இந்த 26 வாரம் கிடைப்பதில்லை. மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்புகிறாள், அன்றே புட்டி வருகிறது, புட்டியின் ரப்பர் மடிப்பில் தங்கும் பாலின் வழியே கிருமியும் வருகிறது.

இந்தப் பெண்களுக்குத்தான் பீய்ச்சி வைத்த பால் பெரிய உதவி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கருவளையத்துக்குப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி விட்டால் பால் வரும், பம்ப் கட்டாயமில்லை. மூடிய எவர்சில்வர் கிண்ணத்தில் அறைக்குள் நான்கு மணி நேரம், பிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மேலே ஏடு பிரிந்து நிற்பது இயல்பு, கிண்ணத்தை லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், காய்ச்சினால் அதிலுள்ள லைபேஸும் எதிர்ப்புப் புரதங்களும் வீணாகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். புகட்டுவதற்கு நம் வீட்டுப் பாலாடை, நுனி நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம், இருக்கிறது. மடிப்போ மூலையோ இல்லாததால் கழுவுவது சுலபம், வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுக்கலாம். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் நுனியைக் கீழ் உதட்டில் பட வைத்து, நாக்கை நீட்டி அது தானாக உறிஞ்சும்படி மெல்லச் சாய்க்க வேண்டும். தொண்டைக்குள் ஊற்றினால் புரையேறும்.